60-ல் ஓடி 55 காட்டிய மீட்டர்: ஒரு பழைய காரின் ஸ்பீடோமீட்டர் கதை

வண்டி 1960-களின் தொடக்கத்தில் வந்த சிறிய பிரிட்டிஷ் சலூன். பின்சக்கர ஓட்டம், நான்கு கியர், மைல் கணக்கில் காட்டும், ஸ்மித்ஸ் நிறுவனத்தின் மீட்டர். என் கைக்கு வந்தபோதே ஸ்பீடோமீட்டர் முள் ஆடியது. 20 மைல் வேகத்தில் போனால் 10-க்கும் 30-க்கும் நடுவே அலையும். 40-ஐத் தாண்டினால் கொஞ்சம் அடங்கும். விற்றவர், "மீட்டர் போயிடுச்சு, புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்க" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்.

மீட்டர் போகவே இல்லை. அதற்குள் இருந்த ஒரே கோளாறு நானாகக் கொண்டுபோய் வைத்தது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதம் ஆனது. சரியான வரிசையில் பார்த்திருந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். எங்கே வழி தவறினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒரே டப்பாவில் இரண்டு கருவி

கேபிளில் ஓடும் பழைய ஸ்பீடோமீட்டரைத் தொடுவதற்கு முன் அது எப்படி வேலை செய்கிறது என்று ஐந்து நிமிடம் யோசிப்பது நல்லது. கியர்பாக்ஸின் வால்பகுதியில் பினியன் என்கிற ஒரு சிறிய பற்சக்கரம் இருக்கும். அது ஒரு நெகிழும் கம்பியைச் சுழற்றும். அந்தக் கம்பி மீட்டருக்குப் பின்னால் வந்து ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தை ஒட்டி, ஆனால் அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். முள் அந்தக் கிண்ணத்தின் அச்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. காந்தம் சுழலும்போது அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கப் பார்க்கும். கடிகாரத்தில் இருப்பது போன்ற மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் தடுத்துப் பிடிக்கும். இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. 1902-ல் ஓட்டோ ஷூல்ஸே என்பவர் ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற யோசனை இது. மின்னணு மீட்டர்கள் வரும்வரை உலகத்துக் கார்களில் பெரும்பாலானவை இதே தத்துவத்தில்தான் ஓடின.

ஆக, முள்ளுக்கும் கேபிளுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. நடுவில் காற்றுதான் இருக்கிறது.

ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் வேறு சாதி. அதே காந்தத்தின் தண்டிலிருந்து பற்சக்கரம் வழியாக நேராக ஓடுகிறது. அங்கே காந்தமும் இல்லை, வில்லும் இல்லை. பல்லை எண்ணிக் கணக்குப் போடுகிற வேலை மட்டும்தான்.

கோளாறு பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிய வரம். முள்ளும் எண்ணும் இரண்டுமே செத்துக் கிடந்தால் கேபிளையோ பினியனையோ பாருங்கள். எண் ஓடுகிறது, முள் மட்டும் அசையவில்லை என்றால் கேபிள் நிரபராதி, மீட்டரின் தலைக்குள் தேடுங்கள். முள் தவறாகக் காட்டி, தூரம் சரியாக இருந்தால் வில்லோ காந்தமோ தளர்ந்திருக்கலாம். முள், தூரம் இரண்டும் ஒரே விகிதத்தில் தவறினால் மீட்டரைத் திறக்கவே வேண்டாம். அதற்கு வந்து சேரும் சுற்றே தவறு. இந்தக் கடைசி வரியை முதல் நாளே சோதித்திருந்தால் இந்தக் கட்டுரை பாதி நீளத்தில் முடிந்திருக்கும்.

இன்னொன்று. ஸ்மித்ஸின் பழைய குரோனோமெட்ரிக் வகை மீட்டர்களில் முள் ஓட்டமாக நகராது, படிபடியாகத் தாவும். உள்ளே இருக்கும் கடிகார அமைப்பு குறிப்பிட்ட இடைவெளியில் சுற்றுகளை எண்ணிச் சொல்வதால் அப்படி. அது கோளாறில்லை. என்னுடையது அந்த வகையும் இல்லை.

ஆடும் முள்

குறைந்த வேகத்தில் முள் ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கேபிள்தான். உள்கம்பி எங்காவது மடங்கியிருந்தால், அல்லது உறைக்குள் காய்ந்து உரசினால், அது சீராகச் சுழலாது. கொஞ்சம் முறுக்கேறி நிற்கும், பிறகு விடுபட்டு ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளல்தான் முள்ளின் ஆட்டம். வேகம் கூடினால் துள்ளல்கள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்துவிடும், முள்ளும் அடங்கியது போலத் தெரியும்.

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். அதனால் கேபிளைக் கழற்றினேன். உள்கம்பியை உருவிப் பார்த்தேன், வறண்டு கிடந்தது. ஆஹா, கிடைத்துவிட்டது என்று கிரீஸை எடுத்து மேலிருந்து கீழ்வரை தாராளமாகத் தடவி மாட்டிவிட்டேன். ஆட்டம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி ஏன் போகவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

உள்கம்பி மடங்கியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. கம்பியை வளையமாக வளைத்துத் தொங்கவிட்டு, ஒரு முனையை விரலால் மெதுவாகச் சுழற்ற வேண்டும். மறுமுனை கூடவே சீராகச் சுழன்றால் நல்ல கம்பி. நின்று நின்று குதித்தால் மடிப்பு இருக்கிறது, அதை நிமிர்த்த முடியாது, கேபிளை மாற்ற வேண்டியதுதான். நான் இதைச் செய்தது மூன்று மாதம் கழித்து. கம்பி நன்றாகவே குதித்தது.

மடிப்பு வந்த இடமும் தெரிந்தது. யாரோ ஒருவர் பிற்காலத்தில் ஹீட்டர் பொருத்தியபோது, அதன் குழாய்க்கு வழிவிட்டு ஸ்பீடோமீட்டர் கேபிளை ஓரமாகத் தள்ளிக் கட்டியிருக்கிறார். மீட்டரை விட்டு வெளியே வந்த உடனேயே கேபிள் சட்டென்று திரும்பியது. அந்தக் காலத்து வொர்க்‌ஷாப் மேனுவல்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: வளைவின் ஆரம் 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, இணைப்பிலிருந்து முதல் 2 அங்குலத்துக்கு வளைவே இருக்கக் கூடாது. என் கேபிள் இரண்டையும் மீறியிருந்தது. புதுக் கேபிள் போட்டு, குழாய்க்கு மேல்பக்கமாகக் கொண்டுபோய், தளர்வாகக் கட்டினேன். முள் நின்றது.

ஆனால் அதற்கு முன்பே வேறொரு கூத்து நடந்துவிட்டது.

உச்சிக்கு ஏறி இறங்க மறுத்த முள்

கிரீஸ் போட்டு ஆறு வாரம் இருக்கும். ஒரு நாள் 30-ல் போய்க்கொண்டிருந்தபோது முள் மெதுவாக 50-க்குப் போனது, 70-க்குப் போனது, கடைசியில் எண்கள் முடிந்த இடத்தில் போய்ச் சாய்ந்துகொண்டது. வண்டியை நிறுத்தினேன். முள் இறங்கவில்லை. மீண்டும் கிளப்பியபோது ஓடோமீட்டர் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

எண் ஓடுகிறது, முள் மட்டும் தவறு. அப்படியானால் கோளாறு தலைக்குள்தான். சுருள்வில் அறுந்துவிட்டதா? முதலில் பயந்தது அதற்குத்தான். மறுநாள் காலையில் கதவைத் திறந்து பார்த்தபோது முள் பாதி வழி கீழே இறங்கியிருந்தது. மாலையில் பூஜ்ஜியத்துக்கே வந்துவிட்டது. வில் அறுந்திருந்தால் முள்ளைத் திரும்ப இழுக்க ஆளே இல்லை. ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல இழுத்திருக்கிறது என்றால் வில் உயிரோடுதான் இருக்கிறது, பசை மாதிரி ஏதோ ஒன்று முள்ளைப் பிடித்து வைத்திருக்கிறது.

மீட்டரைக் கழற்றினேன். குரோமிய வளையத்தை மெல்லத் திருப்பினால், விளிம்பில் இருக்கும் காதுகள் வெட்டுகளுக்கு நேராக வந்து வளையம் கழன்று வரும். அறுபது வருட ரப்பர் இறுகிக் கல்லாகியிருந்ததால் அதற்கே ஒரு மணி நேரம் போனது. அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் வளையம் நெளிந்துவிடும். பின்னால் இரண்டு திருகு. அதைக் கழற்றினால் உள்கருவி முழுதாகக் கையில் வரும்.

கிண்ணத்துக்கும் காந்தத்துக்கும் நடுவே காற்று மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் கிரீஸ். காந்தம் சுழலும்போது அந்தக் கிரீஸ் கிண்ணத்தையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கியர்பாக்ஸ் எண்ணெய் சீல் தேய்ந்து கேபிள் வழியே மேலே ஏறிவிட்டதோ என்று முதலில் அதன்மேல் பழி போட்டேன். அப்படியும் ஆவதுண்டு. ஆனால் கேபிளின் கீழ்முனை உலர்ந்திருந்தது, நிறமும் மணமும் நான் தடவிய கிரீஸேதான். கேபிளின் உள்கம்பி என்பது சுற்றிச் சுற்றிப் பின்னப்பட்ட கம்பி. சுழலும்போது அது திருகு போலக் கிரீஸை மேலே தள்ளிக்கொண்டே போகும். மேனுவல் சொல்லும் முறை இது: உள்கம்பியில் மிகக் கொஞ்சமாகக் கிரீஸ் தடவி உறைக்குள் விட்டு, பிறகு மேல்முனையை 8 அங்குலம் போல வெளியே இழுத்து, அந்தப் பகுதியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். மேல்முனை காய்ந்தே இருக்க வேண்டும். நானோ இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுவது போலத் தடவியிருந்தேன்.

சுத்தம் செய்ய முள்ளைக் கழற்றவில்லை. முள்ளைப் பிடுங்கினால் மெல்லிய அச்சு வளையும், திரும்ப வைக்கும்போது பூஜ்ஜியம் தவறும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத காகிதக் கீற்றுகளைக் கிண்ணத்தின் ஓரமாக நுழைத்து, உறிஞ்ச விட்டு, எடுத்து, மீண்டும் நுழைத்து... கிட்டத்தட்ட நாற்பது கீற்று. முகப்பில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, எழுத்து கரைந்துவிடும். சுருள்வில்லின் சுற்றுகளிலும் லேசாகப் பிசுக்கு இருந்தது. அதையும் விடக் கூடாது: சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டினால் வில்லின் நீளம் குறைந்தது போலாகி விறைப்பு கூடும், மீட்டர் குறைவாகக் காட்டும். கடைசியில் காந்தத்தின் தண்டுக்கு மட்டும் ஒரு துளி கடிகார எண்ணெய்.

முள் நின்றபின் தெரிந்த பொய்

புதுக் கேபிள், சுத்தமான மீட்டர். முள் அசையாமல் நிற்கிறது. சரி, வேலை முடிந்தது என்று ஒரு நேர்ச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். போனில் ஜி.பி.எஸ். 60 மைல் என்கிறது, மீட்டர் 55 என்கிறது. ஜி.பி.எஸ். வேகம் மாறும்போது சற்றுத் தாமதமாகத்தான் காட்டும். அதனால் ஒரே வேகத்தில் நிதானமாக வைத்து இரண்டு திசையிலும் பார்த்தேன். அதே 55. முள் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் இது தெரியவே வாய்ப்பில்லை. 50-க்கும் 60-க்கும் நடுவே அலைகிற முள் பொய் சொல்கிறதா என்று யாரால் சொல்ல முடியும்?

கூடுதலாகக் காட்டுவது பரவாயில்லை, குறைவாகக் காட்டுவது ஆபத்து. இன்றைய வண்டிகளுக்கான ஐ.நா. 39-ஆவது விதிமுறை மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது என்கிறது. கூடுதலாகக் காட்ட மட்டும் 10 சதவீதமும் அதோடு மணிக்கு 4 கிலோமீட்டரும் இடம் கொடுக்கிறது. அறுபது வருடத்து வண்டியை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் காரணம் ஒன்றுதான்.

இங்கேதான் பலர் சுருள்வில்லில் கை வைக்கிறார்கள். வில்லின் பிடியை இம்மி நகர்த்தினால் முள் 60-க்கு வந்துவிடும். எனக்கும் கை அரித்தது. இந்த முறை முதலில் ஓடோமீட்டரைக் கேட்டேன். ஜி.பி.எஸ். கணக்கில் 10 மைல் ஓட்டியபோது ஓடோமீட்டர் 9.2-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. முள்ளிலும் 8 சதவீதக் குறை, தூரத்திலும் 8 சதவீதக் குறை. வில்லை நகர்த்தியிருந்தால் முள் சரியாகும், தூரம் தவறாகவே ஓடும், பின்னால் வருபவர் உண்மைக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாதபடி தடயமும் அழிந்திருக்கும்.

உறுதி செய்துகொள்ள மீட்டரைத் தனியாகச் சோதித்தேன். ஸ்மித்ஸ் மீட்டரின் முகப்பில் கீழே பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது அது. என்னுடையதில் 1472. மணிக்கு 60 மைல் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைல். ஆகவே கேபிள் நிமிடத்துக்கு 1472 சுற்று சுற்றினால் முள் சரியாக 60-ல் நிற்க வேண்டும், 736 சுற்றுக்கு 30-ல். வேகம் மாற்றக்கூடிய டிரில்லில் சதுர முனை ஒன்றை மாட்டி, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் டாகோமீட்டர் வைத்துப் பார்த்தேன். திசை மாறிச் சுற்றினால் முள் எதிர்ப்பக்கம் முட்டும், அது மட்டும் கவனம். 30-லும் 60-லும் முள் கோட்டின் மேலேயே நின்றது. மீட்டர் சொல்வது உண்மை. அதற்குச் சொல்லப்படுவதுதான் பொய்.

அடுத்தது வண்டி. மீட்டரிலிருந்து கேபிளைக் கழற்றி, உள்கம்பியின் முனையில் ஒரு சிறு அட்டைத் துண்டைக் குத்தி, நியூட்ரலில் வண்டியைத் தள்ளிப் பின்சக்கரத்தை 6 சுற்று உருட்ட வேண்டும். கேபிள் எத்தனை சுற்று சுற்றியது என்று உள்ளே ஒருவர் எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையை 1680-ஆல் பெருக்கி, சக்கர மையத்திலிருந்து தரைவரை உள்ள உயரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால், ஒரு மைலுக்கான சுற்று கிடைக்கும். 1680 எங்கிருந்து வந்தது என்றால், ஒரு மைலில் 63,360 அங்குலம். அதை 2π-ஆலும் 6 சுற்றாலும் வகுத்தது. எனக்குக் கிடைத்தது 9 சுற்றும் இருபதில் ஒரு பங்கும், அதாவது 9.05. உயரம் 11¼ அங்குலம். கணக்குப் போட்டால் சுமார் 1350. மீட்டர் கேட்பது 1472, வண்டி கொடுப்பது 1350. சரியாக 8 சதவீதச் சொச்சம் குறைகிறது.

டயரா? டயர் மட்டுமே காரணமாக இருக்க வேண்டுமானால், அந்த உயரம் முதலில் 10.3 அங்குலம் இருந்திருக்க வேண்டும். ஆரத்தில் ஓர் அங்குல வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இருப்பதோ வண்டிக்குச் சொல்லப்பட்ட அளவு டயர்தான். மிச்சம் இருப்பது கியர்பாக்ஸ் பினியனும் பின் ஆக்ஸிலும்.

ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினேன் (மற்ற சக்கரங்களுக்கு அண்டை கொடுத்துவிட்டுத்தான்). இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் இருப்பதால், ஒரு சக்கரம் நின்றிருக்க மற்றதை இரண்டு சுற்று சுற்றினால்தான் ஆக்ஸிலின் ஒரு முழு விகிதம் வெளிப்படும். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு. இரண்டு சுற்று. ஷாஃப்ட் நான்கு முழுச் சுற்றும், கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவும் சுற்றியது. இந்த வண்டிக்கு முதலில் வந்த விகிதம் 4.55, அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 4.55 சுற்று. அதுவாக இருந்திருந்தால் அரைச் சுற்றைத் தாண்டியிருக்கும். இது 4.22. ஷாஃப்ட் குறைவாகச் சுற்றினால் கேபிளும் குறைவாகத்தான் சுற்றும். கழுவித் துடைத்துப் பார்த்தபோது உறையின்மேல் 9/38 என்று பொறித்திருந்தது. 38-ஐ 9-ஆல் வகுத்தால் 4.22. பழைய ஆக்ஸில் 9/41 ஆக இருந்திருக்கும்.

எப்போதோ, யாரோ, நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் போகட்டும் என்று பிற்கால மாடலின் ஆக்ஸிலைத் தூக்கிப் போட்டிருக்கிறார். நல்ல யோசனைதான், நானும் அதைத்தான் செய்திருப்பேன். மீட்டருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

தீர்வு

வழிகள் மூன்று இருந்தன. கியர்பாக்ஸ் பினியனை வேறு பல் எண்ணிக்கைக்கு மாற்றலாம், ஆனால் தேவையான விகிதத்தில் பல் கிடைக்கவில்லை. 1350 சுற்றுக்கான மீட்டர் தேடிப் போடலாம். அசல் முகப்பை இழக்க மனம் வரவில்லை. மூன்றாவது, கேபிளுக்கு நடுவே ஒரு சின்ன விகிதப் பெட்டி. மீட்டர் பழுதுபார்ப்பவர்கள் இதைச் செய்து கொடுப்பார்கள். எனக்கு வேண்டியது 1472-ஐ 1350-ஆல் வகுத்த விகிதம், 1.09. 11 சுற்று உள்ளே போனால் 12 சுற்று வெளியே வருகிற பெட்டி கிடைத்தது. 1350-ஐ 12-ஆல் பெருக்கி 11-ஆல் வகுத்தால் 1473. இதைவிடப் பொருத்தம் கேட்க முடியாது.

மாட்டிய முதல் நாள் முள் மறுபடி ஆடியது. வயிறு கலங்கிவிட்டது. பெட்டியை மீட்டரின் பின்னாலேயே மாட்டியிருந்தேன். அதன் நீளத்தால் கேபிள் பின்னுக்குத் தள்ளப்பட்டு, நான் பார்த்துப் பார்த்து நேராக்கிய வளைவு திரும்ப இறுகியிருந்தது. கட்டை அவிழ்த்து, கேபிளை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டிய பிறகு அடங்கியது. இப்போது ஜி.பி.எஸ். 60 என்றால் மீட்டர் 60, சில நேரம் முள்ளின் தடிமன் அளவு மேலே. 10 மைலுக்கு ஓடோமீட்டர் 10.

பழைய கணக்கை மட்டும் திருத்த முடியாது. ஆக்ஸில் மாறிய நாளிலிருந்து ஒவ்வொரு 1000 மைலுக்கும் இந்த வண்டி கிட்டத்தட்ட 1090 மைல் ஓடியிருக்கிறது. அது எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. எண்ணெய் மாற்றிய இடைவெளியும் லிட்டருக்கு இத்தனை மைல் என்று நான் பெருமையடித்த கணக்கும் அதே அளவு தவறியிருந்தன. வண்டி நான் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மைலேஜ் கொடுத்திருக்கிறது.

மீட்டருக்குப் பின்னால் கேபிளில் ஒரு தகர வில்லையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதில் ஆணியால் கீறியிருப்பது: ஆக்ஸில் 9/38, மீட்டர் 1472, நடுவில் 12:11 பெட்டி. ஆக்ஸிலை மாற்றினால் பெட்டியைக் கழற்றவும். மேல்முனைக்குக் கிரீஸ் வேண்டாம்.